இரண்டாவது ராணியின் மச்சாள்

என் மச்சாளுக்கு முன்னால் யாரும் ஒரு கதையை முழுதாய்ச் சொல்லி முடித்தது கிடையாது. பாதியிலேயே கையை உயர்த்தி மறித்துவிடுவார். "பொறுங்கோ. முதல் எது நடந்தது? பேந்து எது நடந்தது?" நன்றாகச் சூடேறிக்கொண்டிருக்கிற கதை தடக்குப்பட்டு நிற்கும். சொல்லுகிறவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செத்த வீட்டில்கூட இப்படித்தான். இங்கே ஜெர்மனியில், நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டில், எங்களுக்குத் தெரிந்த ஒருவர் திடீரென்று இறந்துபோனார். அவருடைய தமக்கை தலையில் அடித்துக்கொண்டு, "மருந்தை மாத்திக் குடுத்துப்போட்டாங்கள், அதாலைதான் என்ரை தம்பி போனவன்" என்று அழுதுகொண்டிருந்தார். மச்சாள் பக்கத்தில் போய் இருந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "அக்கா, அவருக்கு நெஞ்சு நொந்தது மருந்து எடுக்க முந்தியோ, எடுத்தாப் பிறகோ?" அழுகை அப்படியே நின்றது. முழு வீடும் மச்சாளை முறைத்துப் பார்த்தது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "உங்களுக்கு என்ன விசரே? செத்த வீட்டிலை கேக்கிற கேள்வியே அது?" என்று பாய்ந்தேன்.

"ஒரு டொக்டரிலை பழி போடினம். அந்த மனுசனுக்கும் பெண்டில் பிள்ளை இருக்கும். கேக்காமல் விடலாமே?" என்றார்.

இவர் என் அண்ணையின் மனைவி. நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை எங்கள் ஆட்கள் எவ்வளவோ காலம் வாயில் போட்டுச் சப்பிவிட்டார்கள், இனியாவது அது அவரிடமே இருக்கட்டும்.

ஜெர்மன் படிக்க அவர் வகுப்புக்குப் போனது கொஞ்சம்தான், மிச்சத்தை டிவி படிப்பித்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பழைய அரச குடும்பங்களைப் பற்றி ஓயாமல் போடுவார்கள். தங்களுக்கு ராஜா இல்லாத குறையோ என்னவோ, ஜெர்மன்காரருக்கு இங்கிலாந்து ராஜாக்களில் அப்படி ஒரு ஆசை. மச்சாள் வெங்காயம் உரித்தபடி அதைப் பார்ப்பார். அதிலும் டியூடர் வம்சம் என்றால் உரித்த வெங்காயம் அப்படியே கிடக்கும். ஆறு கல்யாணம் கட்டி, அதில் இரண்டு மனைவிகளின் தலையை வெட்டுவித்தாரே ஒரு ராஜா, அவருடைய அரண்மனை. அந்த ஆறு ராணிகளும் மச்சாளுக்கு அயல் வீட்டுக்காரர். "மூத்தவ பாவம். நாலாமவ கெட்டிக்காரி, எங்கட பக்கத்து ஜெர்மன்காரி, தலை தப்பினவ" என்றெல்லாம் கதைப்பார். "எங்கட வீட்டுக்கு வாங்கோ, லண்டன் அரண்மனைச் செய்தி சும்மா கேக்கலாம்" என்று அண்ணை வருகிறவர்களிடம் பகிடி விடுவார்.

ஆனால் மச்சாள் நெஞ்சில் வைத்திருந்தது ராணிகளை அல்ல. இரண்டாவது ராணியின் சகோதரனைக் கட்டியிருந்த ஒரு சீமாட்டி இருந்தாள். ராணியின் மச்சாள். அந்த ராணிக்கும் அவளுடைய கூடப்பிறந்தவனுக்குமே தகாத உறவு என்று குற்றம் சாட்டி இருவரையும் கொன்றார்கள். அதைப் போய்ச் சொல்லிக்கொடுத்தவள் இந்தச் சீமாட்டிதான், பொறாமையில் கட்டின புருசனையே வெட்டுக்கட்டைக்கு அனுப்பினவள் என்று நூற்றாண்டுக் கணக்காய் எழுதிவைத்திருக்கிறார்கள். டிவியில் அவளாக நடிக்கிறவளுக்கும் ஒரு கோணல் சிரிப்பு வைத்துத்தான் விடுவார்கள்.

அந்தச் சிரிப்பைக் கண்டால் மச்சாளுக்குக் கோபம் வந்துவிடும். டிவியோடு சண்டை பிடிப்பார்.

"ஆர் கண்டது? புருசன் சிறையிலை இருக்கேக்கை, உங்களுக்காக ராஜாட்டை மண்டாடிக் கேப்பன் எண்டு அவ சொல்லி அனுப்பினவ. அது அந்த நேரமே எழுதி இருக்கு. அவதான் காட்டிக்குடுத்தவ எண்டு பேர் சொல்லி எழுதினவை எல்லாரும் அவ செத்துக் கனகாலத்துக்குப் பிறகு வந்தவை. அப்ப ஆரை நம்புறது?"

நான் விடமாட்டேன். "ஏன், அஞ்சாவது ராணியைக் களவாய் ஒருத்தனைச் சந்திக்கக் கூட்டிக்கொண்டு போனவவும் இவதானே? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம். அது பிழைதான். நான் அதை மறைக்கேல்லையே. ஆனால் பேந்து செய்த பிழையைக் கொண்டுபோய் முந்தின பழிக்குச் சாட்சியாய் வைக்கக் கூடாது, மச்சாள்."

அந்தப் பிழைக்காகச் சிறையில் கிடந்தபோது சீமாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். புத்தி பேதலித்தவரைக் கொல்ல வழி இல்லாதபடியால் ராஜா சட்டத்தையே மாற்றிக் கொல்லுவித்தாராம். இதைச் சொல்லுகிறபோது மட்டும் மச்சாள் குரலை உயர்த்த மாட்டார். வெங்காயத்தையும் கத்தியையும் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். "உவ என்ன, அந்த மனுசிக்கு ஒண்டுவிட்ட சொந்தமே?" என்று நாங்கள் பின்னால் இருந்து சிரிப்போம்.

சொல்லப்போனால் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. வாயில் இனிப்பு இல்லாத மனுசி. ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் கதைக்கிற சுகத்தைக் கெடுக்கிறவர். இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு இதுதான் வசதியாகப் போயிற்று.

அண்ணை அப்போது உணவகங்களிலும் அலுவலகங்களிலும் துப்புரவு வேலை பொறுப்பெடுத்துச் செய்தார். அவரிடம் ரவி என்று எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் விசா இல்லாமல் வேலை செய்தான். "உனக்கு அன்ராக் போட்டாச்சு, விசா வந்திடும், பயப்பிடாதை" என்று அண்ணை அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு விண்ணப்பமும் அவர் போடவில்லை. ஒருநாள் காலை சுங்க அதிகாரிகள் வந்தார்கள். களவாய் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களை இங்கே பிடிக்கிறது அவர்கள்தான். அண்ணையைக் கொண்டுபோய் விசாரித்துவிட்டு விட்டார்கள். ரவியை அடைத்துவைத்துக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். சண்டை நடந்த காலம். கொழும்பில் இறங்குகிற தமிழ்ப் பெடியன் விமான நிலையத்தைத் தாண்டி வெளியே வருவானா என்றே யாருக்கும் தெரியாது.

பீலெஃபெல்ட் முழுக்க ஒரே கேள்வி. "ஆர் காட்டிக்குடுத்தது?"

யாரும் காட்டிக்கொடுக்காமல் அதிகாரிகள் தாங்களாகவே வருவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிப் பாருங்கள். நம்பமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தமிழ்க்கடை வைத்திருந்த ஒருவர் ஒரு கதையை இறக்கினார். மச்சாள் சுங்க அலுவலகத்துக்குள்ளிருந்து தனியே வெளியே வந்ததைத் தன் கண்ணால் கண்டாராம். அதிகாரி ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம், இவர் சிரித்துத் தலையாட்டி நன்றி சொன்னாராம்.

ஊரில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. ஊரில் இராணுவம் வைத்திருந்த காம்புக்குள் தானாய் நடந்து போய், தானாய் நடந்து வெளியே வருகிறவர் யார் என்பது எங்களுக்குப் பாடம். போனவர் அழுதுகொண்டு வந்தால் நம்மவர், சிரித்துக்கொண்டு வந்தால் அவர்களுடைய ஆள். அந்தக் கணக்கைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து ஜெர்மனியில் ஒரு கந்தோர் வாசலில் வைத்துப் பார்த்தோம். இங்கே கதவைப் பிடிக்கிறதும் நன்றி சொல்லுகிறதும் சும்மா பழக்கம் என்று எங்களுக்குத் தெரியாதா? ரொட்டிக்கடையில் வேலை செய்கிற நான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அப்படிச் சிரிக்கிறேன்! தெரிந்துகொண்டேதான் நம்பினோம்.

கடைக்காரர் முதலில் சொன்னபோது, கண்டது ரவியைப் பிடித்ததற்குப் பிறகு. அது எனக்கு நல்ல ஞாபகம். இரண்டு மூன்று வாய் மாறியதும் அது பிடித்த அதே வாரம், "அந்தக் கிழமை" ஆயிற்று. பிறகு "அதுக்குக் கொஞ்சம் முந்தி" ஆயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டார்கள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்த ஒருநாள், அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, நேருக்கு நேரே கேட்டார். "நீ உங்கை, சுங்கக் கந்தோருக்குப் போனனியோ, இல்லையோ?"

"போனனான். ரவியைப் பிடிச்சாப் பிறகு போனனான். அவனை விடச் சொல்லிக் கேக்கப் போனனான்" என்றார் மச்சாள். சொல்லிவிட்டு அண்ணையைப் பார்த்தார். அண்ணை சோடாப் போத்தலில் ஒட்டியிருந்த கடதாசியை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. புருசனே பேசவில்லை என்றால் உண்மை என்றுதானே அர்த்தம்?

மச்சாள் ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்லுவார். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லவில்லை. அவர் போய் இருந்தால் பக்கத்துக் கதிரை காலியாகும். கல்யாணக் கார்ட் கொண்டுவருகிறவர்கள் அண்ணையிடம் வேலையிடத்திலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள், வீட்டுக்கு வரமாட்டார்கள். காட்டிக்கொடுத்தவள் என்ற சொல்லைச் சின்னப் பிள்ளைகள்கூடப் பழகிவிட்டன. அவருடைய மகள் ஆரணிக்கு அப்போது பல் விழுந்து முளைக்கிற வயது. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, "அம்மா, நீங்கள் ஆரைக் காட்டிக்குடுத்தனீங்கள்?" என்று கேட்ட பிறகுதான் மச்சாள் பெட்டி கட்டினார். பிள்ளையோடு ஹனோவருக்குப் போய், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை எடுத்தார். அண்ணையும் அவரும் பிரிவுப் பத்திரம் ஒன்றும் எழுதவில்லை. பிரிந்து இருந்தார்கள், அவ்வளவுதான்.

போன வருடம் ஆரணிக்குக் கல்யாணம் சரிவந்தது. எங்கள் கல்யாணத்தில் தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க, தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். மச்சாள் மணவறையில் ஏறினால் தாங்கள் சபையை விட்டு எழும்பிப் போவோம் என்று ரவியின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்கள். சின்னம்மா அவர்களுக்கு மேலால் நின்றார். "அவ செம்பைத் தொட்டால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியிலை போவன்" என்றார்.

அண்ணை என்னிடம் வந்தார். "நீயும் மச்சானும் தாரை வாருங்கோ. பெத்தவை ஏலாட்டி மாமா மாமி செய்யிறது வழமைதானே." நானும் என் கணவரும் தாய் தகப்பனின் இடத்தில் நிற்க வேண்டுமாம். நான் ஓம் என்றேன். சீலையும் எடுத்துவிட்டேன்.

கல்யாணக் கிழமை கனடாவில் இருந்து ஒரு அழைப்பு. ரவி! உயிரோடு இருக்கிறான், எப்படியோ தப்பி அங்கே போய்ச் சேர்ந்து குடும்பமாகிவிட்டான் என்று தெரியும். ஆனால் நேரே கதைத்தது அதுதான் முதல் தரம். கார்ட்டை ஃபோனில் பார்த்தானாம்.

"அக்கா, கார்ட்டிலை அண்ணியின்ரை பேர் இல்லை. அவ சுகமாய் இருக்கிறாவே?"

நான் என்னவோ மழுப்பினேன். அவன் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனான். "என்னை ஏத்த முந்தின நாளும் அண்ணி வந்தவ, அக்கா. உள்ளை விடேல்லை. ஒவ்வொரு நாளும் வந்து ஒவ்வொரு மேசையாய்க் கெஞ்சினவவாம். எனக்கு ஜம்பரும் புட்டும் குடுத்து விட்டவ. அண்ணைதான் அனுப்பினவர் எண்டு சொல்லிவிட்டவ."

ரொட்டிக்கடையின் பின்கட்டில் மா மூட்டை மேலேயே இருந்துவிட்டேன். "நீ ஏன் ரவி இவ்வளவு காலமும் இதைச் சொல்லேல்லை?"

"அந்த நாளைப் பற்றி என்னோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை அக்கா, நான் கவலைப்படுவன் எண்டு. என்னட்டை ஆரும் கேக்கேல்லையே."

சீ, என்ன மனுசர் நாங்கள். அவனுக்காக இத்தனை வருடம் ஒருத்தியை வைது தீர்த்தோம், அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கே அண்ணையின் வீட்டுக்குப் போனேன். ரவி சொன்னதைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. "தெரியும். நான்தான் அவவைப் போகச் சொன்னனான்" என்றார்.

"பின்னை ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"முதல் கிழமை சொல்லியிருக்கலாம். அவ இல்லை எண்டால், பேந்து ஏன் வந்தவங்கள், ஏன் அன்ராக் போடேல்லை எண்டு என்னைப் பிடிச்சிருப்பினம். பிறகு சொல்ல ஏலாமல் போச்சு." அதே மூச்சில், "கலியாணம் முடியட்டும். ஆறுதலாய்ச் சொல்லுவம்" என்றார். நரைத்த தலை, ஒரே அண்ணை. கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. நல்லது, முடியட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

இருந்தும் மனம் கேட்காமல் ஹனோவருக்கு ரயில் ஏறினேன். மச்சாள் வேலை முடிந்து வந்து, கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு இருந்தார். "ரவி கதைச்சவன்" என்றேன்.

"எப்பிடி இருக்கிறான்? குளிர் ஒத்துக்கொள்ளுதாமே? பிள்ளையள் எத்தினை?" கேட்டபடியே அழத் தொடங்கினார். அவன் சுகமாய் இருக்கிறான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தன்னைப் பற்றி அவன் என்ன சொன்னான் என்று அவர் கேட்கவே இல்லை. நானாய்ச் சொன்னேன். அண்ணை ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். "எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் துவாயால் காலைத் துடைத்தார்.

"கலியாணத்திலை நீரே தண்ணி வாரும், மச்சாள். நான் சபையிலை இருக்கிறன். ஆக்கள் எழும்பிப் போறதைப் பிள்ளை மணவறையிலை இருந்து பாக்கக் கூடாது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய வெட்கம். அவர் அதைச் சொன்னதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தேன்.

கல்யாண நாள். மண்டபம் நிறைந்த சனம். மச்சாள் மூன்றாம் வரிசையில் ஓரக் கதிரையில், யாரோ தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். ஐயர் தாரைக்கு அழைத்தார். நானும் கணவரும் மணவறையில் ஏறினோம். என் கையில் செம்பு. ஆரணி கையை நீட்டினாள். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் மூன்றாம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்மை கரைந்து கன்னத்துக்கு வந்துவிட்டது.

என்னால் ஏலவில்லை. செம்போடு மணவறையை விட்டு இறங்கினேன். ஐயர் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது மைக்கில் கேட்டது. நேரே போய் மச்சாளுக்கு முன்னால் நின்றேன். "எழும்புங்கோ."

"ஆக்கள் எழும்பிப் போவினம், மச்சாள்."

"போறவை போகட்டும். எழும்புங்கோ."

வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த அண்ணையை என் கணவர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அண்ணை நிலத்தைப் பார்த்தபடி மணவறையில் ஏறினார். மச்சாள் செம்பை வாங்கினார். தண்ணீர் சீலையிலும் சிந்தியது. ஆனால் வார்த்தார். மகளின் கையில் வார்த்தார்.

நான் கீழே நின்று சபையைப் பார்த்தேன். கதிரைகள் இழுபடும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ரவியின் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மணவறையைப் பார்த்தார். அவருடைய பெண்சாதி பேரப்பிள்ளையின் படத்தை ஃபோனில் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். சின்னம்மாவின் செருப்பு கதிரைக்குக் கீழே கிடந்தது. அவர் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, காதுக்குள் கேட்டார்:

"உவ நல்லா மெலிஞ்சுபோனா, என்ன? அது கிடக்க, சாப்பாடு தொடங்கீட்டாங்களோ?"

ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை.